உறையாத இரத்தமும் ஒரு மாணவரும்

மேஜையின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் குவளை. குவளையில் பூனையின் இரத்தம்.

உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிஷங்களில் உறைந்து கட்டியாகிவிடும். காலில் முள் குத்தினால் கசிகிற இரத்தம் தானே நின்றுவிடுவதும் இதனால்தான். ஆனால் அந்தக் குவளையில் இருந்த இரத்தம் உறையவில்லை. நேரம் சென்றது. இரத்தம் தண்ணீர் போலவே இருந்தது.

குவளையைக் கொண்டுவந்து வைத்தவர் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர். மேஜைக்குச் சொந்தக்காரர் பேராசிரியர் வில்லியம் ஹாவெல். இரத்தம் எப்படி உறைகிறது என்ற விஷயத்தில் அந்நாளில் பெரும் பெயர் பெற்றிருந்த நிபுணர். இடம், அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. காலம், 1916-ம் ஆண்டை ஒட்டிய நாட்கள்.

இரத்தம் உறைந்ததும் தமக்குச் சொல்லியனுப்பும்படி பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம் மாணவர். சொல்லியனுப்பும் வேளை வரவே இல்லை!

'ஹெபாரின்' என்று இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் வழங்கும் மருந்தின் கதை இப்படித்தான் ஆரம்பமாயிற்று. இருதய அறுவைச் சிகிச்சையின்போது இரத்தம் இயந்திரத்தில் ஓடுகிறதே, அது உறையாமல் காப்பது ஹெபாரின். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும்போது குழாய் அடைபடாமல் காப்பதும் ஹெபாரின்தான்.

ஒரு மாணவர் கேள்வி கேட்டார். ஓர் ஆசிரியர் காது கொடுத்தார். விளைவு, கோடிக்கணக்கான உயிர்களுக்குத் துணை நிற்கும் ஒரு மருந்து.

இன்று நம் நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் இப்படி ஒரு குவளையை எடுத்துக்கொண்டு தம் பேராசிரியரின் அறைக்குள் நுழைய முடியுமா? நுழைந்தால், அதைத் திரும்பிப் பார்க்கப் பேராசிரியருக்கு நேரம் இருக்குமா? இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் வாசகர்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

ஓராண்டில் முடியும் கேள்வி

மக்லீன் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1906-ம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரைச் சூறையாடிய பூகம்பமும் தீயும் அவருடைய குடும்பத்தின் பிழைப்பையும் விழுங்கின. கூலி வேலைகள் செய்து காசு சேர்த்துப் படித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் இடம் இல்லை என்று பதில் வந்த பிறகும், துணிந்து ரெயில் ஏறி நேரே போய் நின்றார். அதிர்ஷ்டவசமாக ஓர் இடம் காலியாக இருந்தது.

1915-ம் ஆண்டு அங்கே சேர்ந்த அவர் பேராசிரியர் ஹாவெலைக் கண்டு ஒரு வேண்டுகோள் விடுத்தார். "ஒரே ஆண்டில், நானே தனியாக முடிக்கக்கூடிய ஓர் ஆராய்ச்சி கொடுங்கள்" என்பதே அந்த வேண்டுகோளின் சாரம்.

இதற்கு ஹாவெல் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். "முதலில் பாடத்தைப் படி, பிறகு பார்க்கலாம்" என்று அவர் விரட்டவில்லை. "இரத்தத்தைப் பற்றி ஏதாவது ஆராய்ச்சி செய்" என்று காட்டில் விட்டுவிடவும் இல்லை. மூளையிலிருந்து எடுக்கப்படும் ஒரு கொழுப்புப் பொருள் இரத்தத்தை உறையச் செய்கிறது. அந்தக் குணம் அந்தப் பொருளுக்கே உரியதா, அல்லது அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு அழுக்கினால் வருவதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு மாணவர் ஓராண்டில் எட்டிப் பிடிக்கக்கூடிய அளவான கேள்வி.

மக்லீன் மூளையோடு நிற்கவில்லை. இருதயத்திலிருந்தும் கல்லீரலிலிருந்தும் அதைப் போன்ற பொருள்களைப் பிரித்தெடுத்துப் பரிசோதித்தார். எடுத்தவற்றை வீசி எறியாமல் வைத்திருந்து, நாட்கள் சென்ற பின் மறுபடி சோதித்தார். அப்போதுதான் விசித்திரம் தென்பட்டது. நாளாக நாளாக உறைய வைக்கும் சக்தி குறைந்தது. கடைசியில் அவை இரத்தத்தை உறையவிடாமலே தடுத்தன!

தேடியது ஒன்று, கிடைத்தது அதற்கு நேர் எதிரானது. ஓடிப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னார். ஹாவெல் உடனே நம்பிவிடவில்லை. உப்பு ஏதேனும் கலந்திருக்குமோ என்று கேட்டார். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் ஆராய்ச்சிசாலை உதவியாளரின் ஒத்தாசையோடு பூனையின் இரத்தத்தைக் குவளையில் பிடித்து, தம் பொருளைக் கலந்து, பேராசிரியரின் மேஜைமேல் வைத்தார் மாணவர். மக்லீனே பிற்காலத்தில் எழுதி வைத்த செய்தி இது.

1916-ம் ஆண்டு மக்லீனின் கட்டுரை அவர் பெயரிலேயே அச்சாயிற்று. அதன் பிறகு ஹாவெல் இன்னொரு மாணவரான எம்மெட் ஹோல்ட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1918-ல் 'ஹெபாரின்' என்று பெயர் சூட்டினார். கல்லீரலுக்குக் கிரேக்க மொழியில் உள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

தீவுகளைக் கண்ட இளைஞர்

இது ஏதோ ஒரே ஒரு மாணவருக்கு அடித்த யோகம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மக்லீனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, ஜெர்மனியில் பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ருடால்ப் விர்ச்சோ என்ற மகா மேதையின் ஆராய்ச்சிக்கூடத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தவர். 1868-ம் ஆண்டு, இருபத்தொரு வயதுக்குள்ளேயே, மனிதத் தோலில் அதுவரை யாரும் விவரிக்காத கிளை கிளையான உயிரணுக்களைக் கண்டார். அவை நரம்பைச் சேர்ந்தவை என்று நினைத்தார். அது தவறு, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் காவல் படையைச் சேர்ந்தவை அவை என்பது வெகு காலம் கழித்தே தெரிந்தது. ஆனால் அவர் கண்டது கண்டதுதான்.

அடுத்த ஆண்டு, 1869-ல், டாக்டர் பட்டத்துக்காகக் கணையத்தைப் பற்றி ஒரு சிறு ஆய்வுரை எழுதினார். கணையத்துக்குள்ளே கடலில் தீவுகள் போலத் திட்டுத் திட்டாகச் சில உயிரணுக் கூட்டங்கள் இருப்பதை அதில் விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன? தமக்குத் தெரியாது என்று ஒளிவு மறைவின்றி எழுதினார் அந்த இளைஞர்.

பரீட்சைத் தாளில் "தெரியாது" என்று எழுதினால் முட்டைதான் கிடைக்கும். ஆராய்ச்சியில் அதே சொல் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. 1893-ல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயரிட்டார். உடலில் சர்க்கரையை அடக்கி ஆளும் சாறு அந்தத் தீவுகளில்தான் சுரக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. தீவு என்பதற்கான லத்தீன் சொல்லை வைத்தே அந்தச் சாற்றுக்கு 'இன்சுலின்' என்று பெயர் வந்தது.

பூவா, தலையா?

அந்த இன்சுலினைப் பிரித்தெடுத்த கதையிலும் ஒரு மாணவர் நிற்கிறார்.

1921-ம் ஆண்டு கோடைகாலம். கனடா தேசத்தில் டொரண்டோ பல்கலைக்கழகம். பிரெடரிக் பாண்டிங் என்ற இளம் அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒரு யோசனையுடன் பேராசிரியர் மக்லியாடிடம் வந்தார். மக்லியாட் ஆராய்ச்சிக்கூடத்தில் இடமும், சில நாய்களும், ஒத்தாசைக்கு மாணவர்களும் கொடுத்தார்.

மாணவர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், வயது இருபத்திரண்டு. பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். மருத்துவப் பட்டம் பெறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மற்றவர் கிளார்க் நோபிள். கோடை விடுமுறையை இருவரும் பங்கு போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. யார் முதலில் போவது? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்களாம், பெஸ்டுக்கு விழுந்ததாம். பெஸ்ட் வேலையில் ஆழ்ந்துவிடவே, நோபிள் தம் முறையை விட்டுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுக்குப் பின் நோபல் பரிசு வந்தபோது, நோபிள் என்ற பெயர் உள்ளவர் கணக்கில் இல்லை! விதியின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெஸ்ட் ஆரம்பத்திலேயே சூரப்புலியாக இருந்துவிடவில்லை. இராணுவப் பயிற்சிக்குச் சில நாள் போய்விட்டுத் திரும்பியபோது, அவருடைய அளவுகள் சரியில்லை, கண்ணாடிச் சாமான்கள் அழுக்காக இருக்கின்றன என்று பாண்டிங் கடுமையாகக் கண்டித்தார். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பெஸ்ட் போகவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து சாமான்களைக் கழுவி வைத்தார். சோதனைச்சாலையில் சுத்தம் என்பது அழகுக்காக அல்ல. ஒரு துளி அழுக்கு விடையையே மாற்றிவிடும். எந்தப் புத்தகமும் புகட்ட முடியாத பாடம் அது.

"மறுபடி செய்"

கோடை முடிந்து ஊர் திரும்பினார் மக்லியாட். பாண்டிங்கும் பெஸ்டும் மகிழ்ச்சியோடு முடிவுகளைக் காட்டினார்கள். பேராசிரியர் கைதட்டவில்லை. இந்த எண் எப்படி வந்தது, வேறு காரணம் இருக்கலாமே என்று துருவித் துருவிக் கேட்டார். மறுபடியும் செய்து பார்க்கச் சொன்னார். பாண்டிங்குக்கு ஆத்திரம் வந்தது. இருவருக்கும் மனக்கசப்பு வளர்ந்தது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1922-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, டொரண்டோ பொது ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் லியானார்டு தாம்ஸனுக்குப் பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சர்க்கரை சிறிது குறைந்தது. ஆனால் ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்தது. சாறு சுத்தமாக இல்லை. சிகிச்சையை நிறுத்தினார்கள்.

மக்லியாட் அந்தக் குழுவில் சேர்த்திருந்த ஜேம்ஸ் காலிப் என்ற இரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்துச் சாற்றைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-ந் தேதி மறுபடி ஊசி போட்டார்கள். இம்முறை சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். 1935-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தான்.

இதிலிருந்து தெரிவது என்ன? இளமையின் வேகம் வேண்டும். அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட, "மறுபடி செய்" என்று சொல்ல, அனுபவசாலி ஒருவரும் வேண்டும். மாணவர் மட்டும் இருந்தால் சீழ் பிடிக்கும். ஆசிரியர் மட்டும் இருந்தால் ஆரம்பமே ஆகாது.

இன்னும் ஒரு விசேஷம். இதே பெஸ்ட் பிற்காலத்தில் டொரண்டோவில் பேராசிரியரானார். 1930-களில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் ஹெபாரின் மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்குச் சுத்தமாக்கப்பட்டது. ஒரு மாணவர் தொடங்கி வைத்ததை, மாணவராக இருந்து ஆராய்ச்சி கற்ற இன்னொருவர் கரை சேர்த்தார்!

நம் நாட்டில்

"அதெல்லாம் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடக்கும், நமக்கு ஏது?" என்று சிலர் கேட்கலாம்.

நமக்கும் உண்டு. 1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. அந்நாளில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைப்பதரிது என்பது பலருடைய நம்பிக்கை. படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். "வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும்?" என்ற எளிய கேள்வியைச் சென்னை நிலையம் எடுத்துக்கொண்டது. நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு சிகிச்சை செய்து ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியாயிற்று. ஏழை வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. சேரியில் பிறந்த கேள்வி உலகத்துக்கு விடை சொன்னது.

மாணவர்களுக்கென்றே ஓர் ஏற்பாடும் நம் நாட்டில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979-ம் ஆண்டு முதல் குறுகிய கால ஆராய்ச்சி உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதி அனுப்பலாம். தேர்வானால் இரண்டு மாத காலம் ஆராய்ச்சி செய்து, அறிக்கை கொடுத்துச் சான்றிதழும் சம்பளமும் பெறலாம். நல்ல திட்டம். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் கிடைக்கிறார்?

ஆசிரியர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. காலையில் வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கிறது. பிறகு வார்டு, வகுப்பு, பரீட்சைத் தாள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மாணவரை உட்கார வைத்துப் பேச எந்த மணி மிச்சம்? அந்த மணியைக் கல்லூரி ஒதுக்கித் தந்தாலன்றி, நல்ல மனம் மட்டும் போதாது.

மாணவர் நிலைமையோ இன்னும் மோசம். 'நீட்' பரீட்சைக்காக ஓராண்டு, ஈராண்டு மனப்பாடம் செய்கிறார். உள்ளே வந்ததும் உடற்கூறு, உடலியல், உயிர் இரசாயனம் என்று மறுபடியும் மனப்பாடம். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிவதற்குள்ளேயே மேல்படிப்புப் பரீட்சைப் புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது. விடை தெரிந்த கேள்விகளாகவே ஆயிரக்கணக்கில் படிக்கிறார். விடை தெரியாத கேள்வி ஒன்றைக்கூடச் சந்திக்காமலே டாக்டர் ஆகிவிடுகிறார்!

பானையில் இன்சுலின்

வழிகாட்டி என்ன செய்வார் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம் சொல்லுவோம்.

கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி. "சர்க்கரை வியாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் ஸார்" என்கிறாள். ஆசிரியர் சிரிக்காமல் கேட்கிறார்: "சர்க்கரை வியாதி கடல் அம்மா. அதில் எந்தக் கரையில் நிற்கப் போகிறாய்?" மாணவி யோசிக்கிறாள். தன் பாட்டி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது நினைவுக்கு வருகிறது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஈரமான மண்பானைக்குள் வைத்திருக்கிறாள் பாட்டி.

பிடி கிடைத்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள் இன்சுலினை வீட்டில் எங்கே வைக்கிறார்கள்? எத்தனை பேரிடம் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது? மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கோடை நாளில் பானைக்குள் எத்தனை டிகிரி உஷ்ணம்? இரண்டு மாதத்தில், ஓர் உஷ்ணமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு விடை தேடக்கூடிய கேள்வி. ஆனால் அந்த ஊர் நோயாளிக்கு அது உயிர்க் கேள்வி.

பிறகு ஆசிரியர் கற்றுத்தர வேண்டியவை வரிசையாக வருகின்றன. எத்தனை பேரைக் கேட்டால் போதும்? பேசத் தெரிந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டால் கணக்கு எப்படிக் கோணும்? நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் பெறுவது எப்படி? "மாட்டேன்" என்று சொல்பவரை வற்புறுத்தாமல் வணங்கி விடைபெறுவது எப்படி? நெறிமுறைக் குழுவின் அனுமதி எதற்காக? இவையெல்லாம் ஆராய்ச்சிப் பாடம் மட்டுமல்ல. நல்ல டாக்டருக்குரிய இலட்சணங்கள்.

இந்த மாணவி உலகப் பரிசு எதுவும் வாங்க மாட்டாள். ஆனால் நாளை அவள் டாக்டராகி உட்காரும்போது, "இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் பாட்டி?" என்று கேட்காமல் மருந்துச் சீட்டு எழுத மாட்டாள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி பளபளக்கும் தாளைக் காட்டி "இது அதிசய மருந்து" என்று சொன்னால், "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்?" என்று திருப்பிக் கேட்பாள். சமுதாயத்துக்குக் கிடைக்கும் இலாபம் இதுதான்.

ஆட்சேபணைகள்

"வைத்தியம் கற்க வந்தவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? நாட்டுக்கு வேண்டியது நாடி பார்க்கும் டாக்டர்" என்பார்கள் சிலர். நாடி பார்க்கும் டாக்டர்தான் வேண்டும். ஆனால் அவர் படித்த புத்தகத்தில் பாதி, அவர் காலத்திலேயே பழையதாகிவிடலாம். புதியது வரும்போது பொன் எது, பித்தளை எது என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டாமா?

"அப்படியானால் எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிடலாமே?" என்பார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் யேல் மருத்துவக் கல்லூரியில் 1839-ம் ஆண்டு முதலே டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுரை கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அதற்கு வேண்டிய ஆசிரியர்களும் நேரமும் பணமும் உண்டு. அவை இல்லாத இடத்தில் கட்டாயம் என்று உத்தரவு போட்டால் என்ன நடக்கும்? பழைய கட்டுரை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். கேட்காத நோயாளியிடம் கேட்டதாக எண்கள் எழுதப்படும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகள் கொழுக்கும். பொய்யைப் பழகிய கை நாளை நோயாளியின் சீட்டிலும் பொய் எழுதத் தயங்காது. ஆகவே, விரும்புகிறவர்களுக்கு வாசலைத் திறந்து வையுங்கள். விருப்பமில்லாதவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டாம்.

பெயர் யாருக்கு?

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் விட முடியாது. உழைத்தவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு என்ற மனக்குறை ஆராய்ச்சி உலகில் புதிதல்ல.

ஹெபாரின் புகழ் பெற்றபோது புத்தகங்கள் ஹாவெலின் பெயரையே பெரிதாகச் சொல்லின. 1940-களில் மக்லீன் தம் பங்கை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். 1957-ல் அவர் காலமானார். தம் கதையை அவர் எழுதிய கட்டுரை 1959-ல்தான் அச்சில் வந்தது. மக்லீன் கண்ட பொருளும் ஹாவெல் பின்னர் பிரித்தெடுத்த பொருளும் ஒன்றல்ல என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு எப்படியிருப்பினும், 1963-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மக்லீனின் பங்கைப் போற்றி ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை.

இன்சுலினுக்காக 1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் வந்தது. மாணவர் பெஸ்டின் பெயர் அதில் இல்லை. பாண்டிங் என்ன செய்தார்? தம் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியாடும் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். எத்தனை சண்டை இருந்தாலும், கடைசியில் கையில் இருந்ததைப் பங்கிட்டார்கள் அல்லவா? வழிகாட்டிகளுக்கு இது ஒரு பாடம். மாணவன் உழைத்ததற்கு மாணவன் பெயரைப் போடுவது தர்மம் அல்ல, நியாயம். அதேபோல், வேலை எதுவும் செய்யாமல் பெயரை மட்டும் கேட்கும் மாணவருக்கு "இல்லை" என்று சொல்வதும் நியாயமே.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரிய கட்டடம் கேட்கவில்லை. கோடி ரூபாய் இயந்திரமும் கேட்கவில்லை. சில சிறு காரியங்கள் போதும்.

ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் முதலாண்டிலேயே, எந்த ஆசிரியர் எந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறார் என்ற பட்டியலை நோட்டீஸ் போர்டில் போடட்டும். ஆங்கிலம் சரளமாக வராத கிராமத்துப் பிள்ளையும், டாக்டர் உறவினர் யாரும் இல்லாத பிள்ளையும், யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளட்டும். இன்றைக்கு வழி தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் வழிகாட்டி கிடைக்கிறார் என்ற பேச்சு இனி எழக் கூடாது.

மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது மற்ற வேலையிலிருந்து விடுதலை கொடுக்கட்டும். பதவி உயர்வின்போது, எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுவதோடு, எத்தனை மாணவரை உருவாக்கினார் என்றும் கேட்கட்டும்.

எதிர்பார்த்த முடிவு வராத ஆராய்ச்சிக்கும் மதிப்பெண்ணும் மரியாதையும் இருக்கட்டும். "நான் நினைத்தது தவறு என்று கண்டுகொண்டேன்" என்று ஒரு மாணவர் மேடையேறிச் சொல்லும்போது, பேராசிரியர் முதலில் கைதட்டட்டும். பொய்க் கணக்குக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தால், "மார்க்குக்கு உதவாத வேலை எதற்கு?" என்று கோபிக்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தப் பிள்ளை உண்மையான சுரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களே! உங்களுக்குப் பேராசிரியரின் அறைக்குள் போகக் கூச்சமாக இருக்கலாம். இடம் இல்லை என்று சொன்ன கல்லூரிக்கே ரெயில் ஏறிப் போன மக்லீனை நினைத்துக்கொள்ளுங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். சிறிய கேள்வியாக, ஓராண்டில் முடியக்கூடிய கேள்வியாக ஒன்று கேளுங்கள்.

பேராசிரியர்களே! உங்கள் மேஜைமேல் ஏற்கனவே குவியல் குவியலாகத் தாள்கள் இருக்கும். ஒரு சிறு குவளை வைக்கும் அளவுக்காவது இடம் ஒதுக்கி வையுங்கள். யார் கண்டது? அதில் இருக்கும் இரத்தம் உறையாமலே போகலாம்!